வலப்பக்கத்துப் பாத்திகள்

என் மனைவி நாகவேணி சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பினேன் என்றும் சொல்ல முடியாது. ஊர் ஊராகப் போய் நானே எடுத்துச் சொன்ன ஒரு விஷயத்தில் எனக்கே பல வருஷமாகச் சந்தேகம், அவ்வளவுதான். எந்நேரமும் குத்துகிற சந்தேகமில்லை. செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி, நடந்தால் உறுத்தும், நின்றால் மறந்துபோகும். இன்றைக்கு நின்றுகொண்டுதான் இருக்கிறேன், ஆனாலும் உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாஸ்டிக் தாளால் கூரை போட்ட பாலிஹவுஸின் நடுப்பாதை, இரண்டு பக்கமும் என் தலைக்கு மேல் வளர்ந்து நூலில் தொங்கும் குடைமிளகாய்ச் செடிகள். வால்வைத் திறந்துவிட்டிருக்கிறேன். வெளியே கிணற்றுப் பள்ளத்துத் தொட்டியிலிருந்து புண்ணாக்குக் கரைசல் குழாய்க்குள் ஏறி, பாத்தி பாத்தியாக ஓடி, சொட்டுச் சொட்டாக வேரில் இறங்கி முடியும்வரை இங்கே நிற்க வேண்டும். எங்கேயாவது துளை அடைத்துக்கொண்டால் தட்டிவிட வேண்டும். நின்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, நின்று பார்க்கிறவனுக்குத்தான் எல்லாம் தோன்றும். திம்மராயன் வந்துகொண்டிருக்கிறான். நாகவேணியின் தம்பி. ராயக்கோட்டையிலிருந்து பைக்கில் காலிக் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதாகப் போன் செய்தான். தயிருக்கு உறை வாங்குவதுபோல இங்கிருந்து பழைய கரைசல் கொஞ்சம் வாங்கிப்போய் அவன் தொட்டியில் ஊற்றிப் பெருக்க வேண்டுமாம். அவனும் ஒரு பாலிஹவுஸ் போட்டுவிட்டான், நாற்று நட்டுவிட்டான், நாளைக்குத் திங்கட்கிழமை ஓசூர்க் கம்பெனிக்குப் போய் வேலையை விடுகிறேன் என்று சொல்லப்போகிறான். கடை உரம் ஒரு பிடிகூட உள்ளே வராது மாமா, உங்க கரைசல் மட்டும்தான், என்றான். உங்க கரைசல். அந்த வார்த்தையைக் கேட்டதும் முன்பெல்லாம் எனக்கு நெஞ்சு சற்று நிமிரும். இப்போது கழுத்துக்குப் பின்னால் யாரோ கை வைத்த மாதிரி இருக்கிறது.

நான் கம்பெனியில் இருந்தபோது தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன். வண்டிக்குப் போகும் சின்ன இரும்புப் பாகங்களை அளவுக் கருவியில் செருகி, சரி, தள்ளு, சரி, தள்ளு என்று வயதைக் கழித்தவன். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வேண்டுமானால் மற்றதெல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது அங்கே படித்த ஒரே பாடம். அதைத்தான் இங்கேயும் செய்தேன். வேலையை விட்டு வந்து முதல் பயிர் வைத்தபோது, கடை உரம் நல்லதா, நானே ஊறவைத்த கரைசல் நல்லதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வெறி. ஒரே நாற்று, ஒரே நாளில் நட்டது, ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர். வாசலில் நுழைந்தால் இடப்பக்கப் பாத்திகளுக்குக் கடையில் வாங்கிய வெள்ளை உப்புகள்: முதலில் மூன்று பத்தொன்பது என்கிற கலப்பு உரம், பூ எடுத்ததும் கால்சியம் நைட்ரேட், காய்க்கும்போது பொட்டாஷ். வலப்பக்கத்துக்குக் கடலைப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் வெல்லமும் போட்டு ஊறவைத்து வேட்டித் துணியில் வடிகட்டிய கரைசல். அதைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு டிரம், இரண்டு குழாய், நடுவில் இந்தப் பாதை. பூ எடுக்கிற நேரத்தில் உத்தனப்பள்ளி வளைவில் ஜல்லியில் பைக் சறுக்கியது. காலில் தகடு வைத்துத் தைத்து வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். படுத்த இடத்திலிருந்து சன்னல் வழியாகப் பாலிஹவுஸின் வெள்ளைக் கூரை தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. காலையில் வெளுப்பாக, மத்தியானம் கண்ணைக் குத்துகிற மாதிரி, மாலையில் பழைய பால் நிறத்தில். அந்தக் கூரைக்குக் கீழே என் சோதனை நடந்துகொண்டிருக்கிறது, நான் இங்கே விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறேன். நாகவேணிதான் இரண்டு டிரம்முக்கும் கலந்தாள். எந்த டிரம்மில் எது, எவ்வளவு என்று படுக்கையிலிருந்தே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் மாலையில் கைகால் கழுவிக்கொண்டு வந்து காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே சொல்வாள், நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன் என்று. அதே வார்த்தை, அதே வரிசை. ஒரு நாள்கூட, இன்னைக்கு டிரம்மைச் சாய்ச்சுட்டேன், இன்னைக்குத் துணி கிழிஞ்சிடுச்சு என்று சொன்னதில்லை. உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றித்தானே சொல்வார்கள், ஒரு தடவை கோழியைச் சேர்ப்பார்கள், ஒரு தடவை மழையைச் சேர்ப்பார்கள். அவள் எதையும் சேர்க்கவில்லை. பாகங்களில்கூட அப்படித்தான். ஒரு தட்டு முழுக்க மயிரிழை வித்தியாசமில்லாமல் வந்தால் நாங்கள் சந்தோஷப்படமாட்டோம், கருவியைத்தான் முதலில் சோதிப்போம்.

தடியூன்றி முதல்முறை உள்ளே வந்த அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. இடப்பக்கம் மோசமில்லை, காய் இருந்தது. ஆனால் வலப்பக்கம் வேறு உலகம். கை கொள்ளாத காய், நாலு மூலையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சதை தடித்து, தட்டினால் சின்ன மேளம் போலச் சத்தம். நானே தராசு வைத்தேன், வேறு யாரையும் விடவில்லை. வலம்தான் கனம். அதற்குப் பிறகு கெலமங்கலத்திலிருந்து வந்தார்கள், தளியிலிருந்து வந்தார்கள், கூட்டம் கூட்டமாக நடுப்பாதையில் நிற்க வைத்து இடத்தையும் வலத்தையும் காட்டினேன். எனக்குக் கரைசல்காரர் என்று பேர் வந்தது. முதுகுக்குப் பின்னால் புண்ணாக்குக்காரர். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கூட்டங்களில் ஒன்றில்தான் மெலிந்த ஒரு பையன், விவசாயம் படித்து முடித்தவனாம், கேலி எதுவும் இல்லாமல் தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டான்: சார், குடைமிளகாய்க்குக் கால்சியம் குறைஞ்சா காயோட நுனி கறுத்து அழுகுமே, உங்க வலப்பக்கத்துல ஒரு காய்கூட அழுகலையே, புண்ணாக்குல அவ்வளவு கால்சியம் ஏது? கிணத்துத் தண்ணி உப்புத் தண்ணி தம்பி, அதுலயே இருக்கு, என்றேன். உடனே சொன்னேன். யோசித்துச் சொல்லியிருந்தால் உறுத்தியிருக்காது. வாயில் தயாராக இருந்த பதில்தான் உறுத்துகிறது, என்னையறியாமல் நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன் என்றுதானே அர்த்தம். அன்றைக்கு எல்லோரும் போன பிறகு வலப்பக்கத்துக் குழாயின் சொட்டுத் துளைகளைக் குனிந்து பார்த்தேன், காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தேன். துளையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. கிணற்று உப்பா, மூட்டை உப்பா? நாக்குக்குத் தெரியவில்லை. இடப்பக்கத்துத் துளையையும் சுரண்டி நாக்கில் வைத்தேன். அதுவும் உப்பு. ஒன்றுக்கு ஒன்று கரிப்பு கூடவா குறைவா என்று ஒரு பைத்தியக்காரனைப் போல இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்தபடியே நகர்ந்து நக்கிக்கொண்டிருந்தேன். நாகவேணி கதவருகே நின்று என்ன தேடறீங்க என்று கேட்டாள். மூக்குக்கண்ணாடித் திருகு விழுந்துவிட்டது என்றேன். அவளும் குனிந்து தேடினாள். ரொம்ப நேரம் தேடினாள்.

இப்போதும் வெள்ளை பூத்திருக்கிறது. அதோ காலடியிலேயே. அந்தப் பயிருக்குப் பிறகு இரண்டு பக்கத்துக்கும் கரைசல்தான், கடை உரத்தை உள்ளே விடுவதில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். காய் ஒவ்வொரு வருஷமும் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் கலப்பது அவள்தானே. தொட்டி இருப்பது கிணற்றுப் பள்ளத்தில், பாறையில் வெட்டிய படியில் இறங்க வேண்டும், என் கால் மடங்காது. மேலே நின்று பார்த்தால் அவள் முதுகும் கொண்டையும்தான் தெரியும், கை தெரியாது. வெளியே தக்காளிக்குக் கடை உரம் போடுகிறோம், அதனால் கொட்டகையில் மூட்டை எப்போதும் இருக்கும், குறையும், மறுபடி வரும். எண்ணியிருக்கலாம். ஒரு நாளும் எண்ணவில்லை. சோதனையைத் திரும்பச் செய்திருக்கலாம். கம்பெனியில் ஒரு தட்டில் சந்தேகம் வந்தால் மறு தட்டு எடுத்து அளப்போம், கேட்டுக்கொண்டு நிற்கமாட்டோம். இங்கே மட்டும் ஏன் அளக்கவில்லை? மறுபடி செய்து வலம் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயமா? வலம் ஜெயித்துவிட்டால் இத்தனை வருஷம் அவளைச் சந்தேகப்பட்டதற்கு என்ன செய்வது என்ற பயமா? எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிபடும் என்றால் நடுவில் நிற்கத்தான் தோன்றும். நடுவில்தான் நிற்கிறேன். வெயில் ஏறுகிறது. கூரைத்தாள் சூட்டில் விரிந்து பட் பட் என்று ஓசையிடுகிறது. பக்கத் திரையைச் சுருட்டிவிட்டும் காற்றில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மூச்சு விட்டால் அந்த மூச்சே திரும்பி முகத்துக்கு வருகிறது. சாப்பாட்டைக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் வியர்க்குமே, அந்த மாதிரி. வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கரைசல் ஓடிக்கொண்டிருக்கிறது, எந்தத் துளையாவது அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் ஒரு செடி வாடும். ஒரு செடிக்காகவா நிற்கிறேன்? அவள் உள்ளே இருக்கிறாள் என்பதற்காக நிற்கிறேன்.

மூன்று பாத்தி தள்ளி இருக்கிறாள். கொடி மாதிரி நீண்ட கிளைகளை நூலில் சுற்றி ஏற்றிவிடுகிற வேலை. இலைகளுக்கு நடுவே வளையல் தெரிகிறது, மறைகிறது. ஒரு காய் விழுகிற சத்தம், ஐயோ என்று தனக்குள்ளே ஒரு சின்னச் சொல். நேற்று அவள் தம்பியோடு போனில் பேசியதை நான் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பது தெரியாத மாதிரி செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே. நல்லா யோசிச்சுக்கோ திம்மா என்றாள். அக்கா தம்பியிடம் அப்படித்தான் சொல்வாள், அதில் ஒன்றுமில்லை. ஷிப்ட் வேலைன்னாலும் அது ஒரு வேலைதானே என்றாள். அதிலும் ஒன்றுமில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, கடை உரமும் கொஞ்சம் வாங்கி வெச்சுக்கோயேன், இருக்கட்டும், என்றாள். இருக்கட்டும். ராத்திரி முழுக்க அந்த ஒரு சொல்லைப் புரட்டிப் புரட்டிப் போட்டேன். மழைக்காலத்தில் வெளியே போகிறவனிடம் குடையும் எடுத்துக்கோ, இருக்கட்டும், என்பதில்லையா, அந்த இருக்கட்டுமா? இல்லை, தெரிந்ததைச் சொல்ல முடியாதவள், சொல்லாமல் சொன்ன இருக்கட்டுமா? திம்மராயன் சிரித்திருப்பான். என்னக்கா, மாமாவையே நீ நம்பலையா, என்று கேட்டிருப்பான். ஏனென்றால் அவள் அவசரமாக, சேச்சே, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், என்றாள். அவரு சொன்னா. நான் எங்கே சொன்னேன், நீ சொன்னதைத்தானே நான் சொல்கிறேன். நான் உன்னைக் காட்டுகிறேன், நீ என்னைக் காட்டுகிறாய், நடுவில் ஒருவன் வேலையை விடுகிறான். கம்பெனியில் அவன் கூட்டாளிகள் அவனுக்கு இப்போதே கேப்சிகம் ராஜா என்று பேர் வைத்துவிட்டார்களாம், அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் தொட்டியை அவனே கலப்பான். அங்கே நாகவேணியின் கை இருக்காது. அவன் மனைவி சுமதிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை, இரண்டு சின்னக் குழந்தைகள். முதல் பறிப்பிலேயே காய் நுனி கறுத்து அழுகினால் அவன் என்னிடம் வந்து கேட்கமாட்டான். அதுதான் மோசம். தன் கைப்பக்குவம் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான்.

அவள் பொய் சொன்னாள் என்றே வைத்துக்கொள்வோம். ஏன் சொன்னாள்? இத்தனை வருஷமாக அதற்கு ஒரே காரணம்தான் வைத்திருந்தேன். நான் படுக்கையில் கிடந்தேன், வேலையை விட்டவன், கால் போனவன், கரைசல் என் கண்டுபிடிப்பு என்று தலைகால் புரியாமல் திரிந்தவன். அதுவும் தோற்றால் இந்த மனுஷன் எழுந்திருக்கமாட்டான் என்று பயந்து வலத்தை ஜெயிக்க வைத்தாள். எனக்காக. இந்தக் காரணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வரும், சற்றே இதமாகவும் இருக்கும், அந்த இதத்துக்காகவே கேட்காமல் விட்டேனோ என்னவோ. கேள்வியை மட்டும் எத்தனை விதமாகத் தயார் செய்திருப்பேன். பஸ்ஸில், பல் தேய்க்கும்போது, கல்யாண வீட்டில் யாரோ கைகுலுக்கும்போது. உண்மையைச் சொல், டிரம்மில் வேறு ஏதாவது போட்டாயா? இது போலீஸ் கேட்பது மாதிரி. நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான். இது அதைவிட மோசம், ஒன்றும் சொல்லமாட்டேன் என்று ஆரம்பிக்கிறவன் எல்லாம் சொல்வான் என்பது அவளுக்குத் தெரியும். எப்படிக் கேட்டாலும் அவள் பதில் தயார். நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது? சரி, ஒருவேளை ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அப்போது இந்தக் கூரை, இந்தப் பேர், கெலமங்கலம், தளி, எல்லாம் அவள் கையளவு வெள்ளை உப்பு. இல்லை என்று சொன்னால்? நம்புவேனா? மாட்டேன். ஆமாம் என்றால் நான் போனேன், இல்லை என்றால் அவள் போனாள். இந்தப் பாலிஹவுஸின் இரட்டைக் கதவு மாதிரி, இரண்டும் ஒன்றாகத் திறக்காது.

அப்போதுதான் அவள் செடியோடு பேசினாள். என்னோடு இல்லை, நான் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நோஞ்சானாக நின்ற ஏதோ ஒரு செடியை நூலில் சுற்றிக்கொண்டே, “உனக்கு மட்டும் என்ன கொறைச்சல் வெச்சேன், எல்லாத்துக்கும் போட்டதுதானே உனக்கும் போட்டேன்” என்றாள். சலிப்பும் செல்லமுமாக, சாப்பிடாத குழந்தையிடம் சொல்வதுபோல. எல்லாத்துக்கும் போட்டது. எதற்கென்று தெரியாமல் எனக்கு மாடு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் இரண்டு மாடு வைத்திருந்தோம். ஒன்று கறவை, ஒன்று வற்றியது. புண்ணாக்கு கறவைக்கு மட்டும் போதும், வற்றினதுக்குச் சோளத்தட்டு போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு நான் ஷிப்டுக்குப் போவேன். திரும்பி வந்தால் வற்றியதன் வாயிலும் புண்ணாக்கு ஒட்டியிருக்கும். கேட்டால் அவளுக்கு வெட்கமும் கோபமுமாக வரும். ஒரே கொட்டாய்ல நிக்குதுங்க, ஒண்ணு திங்க ஒண்ணு பாத்துக்கினு நிக்கறதா, பந்தி வஞ்சனை பண்ணின பாவம் நமக்கு எதுக்கு, என்பாள். எனக்குச் சர்க்கரை வந்த புதிதிலும் அதேதான். வீட்டில் ஒரு விசேஷம், எல்லோர் இலையிலும் மைசூர்பாகு வைத்துக்கொண்டு வந்தவள் என் இலையைத் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிட்டாள். டாக்டர் சொன்னது அவளுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு துணுக்கை ஒடித்து என் இலை ஓரத்தில் வைத்து, திங்க வேணாம், சும்மா இருக்கட்டும், என்றாள். பக்கத்து இலைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இருக்கட்டும். என் கை தானாக நீண்டது. பிடித்துக்கொள்ள நூலைத் தவிர ஒன்றுமில்லை, நூலைப் பிடித்தால் செடியே வந்துவிடும். இத்தனை வருஷம் நான் இரண்டு உரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவளுக்கு அது இரண்டு பந்தி. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வரிசை உட்கார வைத்து, இடப்பக்கத்துக்குக் கடையிலிருந்து வாங்கிவந்த வெள்ளை வெளேர் விருந்து, வலப்பக்கத்துக்கு வீட்டில் ஊறின நாற்றமெடுத்த கூழ். அவள் கண்ணுக்கு வேறு எப்படித் தெரிந்திருக்கும்? தினமும் இந்த நடுப்பாதையில்தானே நடந்தாள், நான் படுத்திருக்க, இரண்டு பக்கமும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க. மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன். ஒன்றாக இருந்ததால்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேறு வேறு வயலில் வைத்திருந்தால் அவளுக்குத் தோன்றியிருக்காது. எனக்காக இல்லை. நான் ஜெயிக்க வேண்டுமென்று இல்லை. நான் அதில் இல்லவே இல்லை. இதுவும் என் கற்பனையாக இருக்கலாம், வெயிலில் நின்று மூளை உருகி நானே கட்டிய கதையாக இருக்கலாம், ஒரு சந்தேகத்துக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு உண்மை என்று கும்பிடுகிறேனோ? ஆனால் பழைய காரணத்தில் இருந்த இதம் இதில் இல்லை. அதனாலேயே இது உண்மையாக இருக்குமோ என்று பயமாக இருந்தது. அப்படியானால் அவள் சொன்னதும் முழுப் பொய்யில்லை. சோறு பரிமாறச் சொன்னால் பரிமாறிவிட்டு, கேட்டால், சொன்ன மாதிரியே பரிமாறினேன் என்றுதானே சொல்வாள், தாண்டிப் போகாமல் வைத்த ஒரு துணுக்கை யார் கணக்கில் சொல்வார்கள். கொட்டகையில் இருக்கிற மூட்டையிலிருந்து ஒரு பிடி, கரைசலோடு சேர்த்து வலப்பக்கத்து டிரம்முக்கும், அதுவும் பாவம் என்று. பிறகு காய் குலுங்கியதும், ஊர் கூடியதும், நான் தடியை ஊன்றிக்கொண்டு பேசியதும், எப்படிச் சொல்வாள்? சொல்ல முடியாமல், நிறுத்தவும் முடியாமல், வருஷா வருஷம் அந்தப் படியில் இறங்கி, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு. நான்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேனே.

வாசலில் பைக் நின்றது. கேன் தரையில் உருளும் சத்தம், கூடவே திம்மராயனின் குரல், “அக்கா, மாமா உள்ளயா இருக்காரு, இன்னும் வெந்து முடியலையா?” நாகவேணி இலைகளுக்கு நடுவிலிருந்தே, முக்கால் பதம் வந்துட்டாரு, நீ கேனைக் கழுவிக் கொண்டாந்தியா, பெட்ரோல் நாத்தத்தோட கொண்டாந்தா ஊத்தமாட்டேன் என்றாள். தேய்ச்சுக் கழுவினதுதான்க்கா, சுமதி கழுவினா, என்னைத் திட்டிக்கினே கழுவினா, நல்லா வெளுத்திருக்கும் என்றான். இருவரும் சிரித்தார்கள். வெளிக்கதவு திறந்தது. அதைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இலைப்பேன் உள்ளே வந்துவிடும். அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, அவனுக்குப் பழக்கமில்லை, வலைக்கு அந்தப் பக்கம் அவன் அதோடு மல்லுக்கட்டுவது மங்கலாகத் தெரிந்தது. நாகவேணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாத்தியிலிருந்து இறங்கி, தம்பிக்குக் கதவு திறக்க நடுப்பாதையில் என்னை நோக்கி வந்தாள். முகமெல்லாம் வியர்வை, நெற்றியில் ஒரு வெள்ளைப் பூவிதழ் ஒட்டியிருந்தது. பொய் சொன்னாயா என்று கேட்கக் கூடாது. போட்டாயா என்றும் கேட்கக் கூடாது, போட்டாயா என்றால் அந்தப் பழைய பதில்தான் வரும், அவள் மனசு அதை எடுத்துக் கொடுப்பதற்குள் வாய் கொடுத்துவிடும். இந்த வழி அகலமில்லை, நான் ஒதுங்கினால்தான் அவள் போக முடியும். நான் ஒதுங்கவில்லை. என்னாங்க, மயக்கமா வருதா, என்று என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினேன். பின்னால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் இன்னும் கேட்கவில்லை.

“வேணி, நான் கால் ஒடிஞ்சு படுத்துக் கிடந்தனே, அப்ப, வலப்பக்கத்துச் செடிங்களப் பாத்தா உனக்குப் பாவமா இருந்துச்சா?”